ஏரியை வற்ற வைத்தால் மலை முளைக்குமா?

போன இதழில் உறைநிலத்தைப் பற்றி ஒரே ஒரு பதில் எழுதினேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமிருந்து அத்தனை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. இந்த முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

சித்திரை வெயிலில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றால் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. பனிக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம்?
ஷிஃப்ட் தொழிலாளி, ஒரகடம்

ஊரே இடம் மாறி வந்தது, அதுதான் சம்பந்தம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென் துருவத்துக்குப் பக்கத்தில், அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஆப்பிரிக்காவோடும் ஒட்டிக் கிடந்தது. அதன் பல பகுதிகள் பனிப்பாளங்களுக்கு அடியில் இருந்தன. அன்றைக்குத் தமிழகத்துக்குப் பக்கத்து வீடு அண்டார்டிகா. அதற்குச் சாட்சி பரங்கிமலையில் இருக்கிறது. அந்தப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். 1893ல் நிலவியலாளர் டி.எச். ஹாலண்ட் வைத்த பெயர் அது. கல்கத்தாவில் உள்ள, ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே பாறை என்பதால் அப்படிப் பெயரிட்டார். அண்டார்டிகாவின் எண்டர்பி லேண்டில் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலும் இதே வகைப் பாறை கிடைக்கிறது.

எங்கள் பக்கம் மண் தோண்டும்போது வழவழவென்று உருண்டைக் கற்கள் வருகின்றன. அவை பனியாறு உருட்டியவையா?
பிளஸ் டூ மாணவன், வல்லக்கோட்டை

இல்லை, தம்பி. உருண்டையும் வழவழப்பும் ஓடும் தண்ணீரின் கைவேலை. பனியாறு கல்லை அடிவயிற்றில் பிடித்துக்கொண்டு, பாறைமேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டே நகரும். அம்மிக் குழவி தேய்வதுபோல் கல்லில் தட்டையான முகங்கள் விழும், ஒரே திசையில் கீறல்கள் விழும். இன்னொரு அடையாளமும் உண்டு. ஆறு தான் கொண்டுவந்ததைச் சலித்துப் போடும்: பெருங்கல் ஓரிடம், கூழாங்கல் ஓரிடம், மணல் வேறிடம். பனிக்கட்டிக்குச் சலிக்கத் தெரியாது. மாவு போன்ற களிமண்ணுக்கு நடுவே ஆளுயரப் பாறை உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வர வேண்டும்.

ஒடிசாவின் தால்ச்சேரில் நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களுக்கும் தியோபால்டுக்கும் 1856ல் அந்தச் சந்தேகம் வந்தது. வெயில் கொளுத்தும் நாட்டில் நின்றுகொண்டு, இது பனிக்கட்டி கொண்டுவந்து போட்ட கல் என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பிறகு 1870களில், மகாராஷ்டிரத்தின் சந்திரபூருக்கு அருகே இரை ஆற்றங்கரையில், கீறல் விழுந்த பாறைத்தளமே கண்ணில் பட்டது.

உன் ஊரின் கதை அதற்குப் பிந்தியது. பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், உங்கள் வட்டாரத்தின் களிப்பாறைகளையும் நடந்து நடந்து ஆராய்ந்தார். நிலவியல் புத்தகங்களில் அவற்றுக்கு உன் பக்கத்து ஊர்ப் பெயர்தான்: ஸ்ரீபெரும்புதூர் படுகைகள். இலைப் பதிவுகளும் கடல் உயிர்களின் தடங்களும் அவற்றில் இருக்கின்றன. சுமார் 12, 13 கோடி ஆண்டுப் பழசு. பனி விலகி, இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்துகொண்டிருந்த காலத்தில் படிந்தவை.

தமிழில் எல்லாவற்றுக்கும் 'பனி' என்ற ஒரே சொல்தானே? இதை வைத்துக்கொண்டு அறிவியல் எழுத முடியுமா?
தமிழாசிரியை, சுங்குவார்சத்திரம்

மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, நெடுஞ்சாலையில் லாரியை மறைப்பதும் பனி, இமயத்தில் பெய்வதும் பனி. உண்மைதான். ஆனால் ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்கே கொடுத்த மொழி இது. அடைமொழி போட்டால் போதும், சொல் பிரிந்துவிடும்: மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவு, பனியாறு. ஆலங்கட்டிக்குத் தனிச் சொல்லே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது 'பெர்மாஃப்ராஸ்ட்' என்பதற்கு 'நிரந்தர உறைபனி' என்ற மொழிபெயர்ப்பு. அதில் இரண்டு பிழை. தொடர்ந்து குறைந்தது இரண்டு ஆண்டு பூஜ்ஜியம் டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலம் என்பதுதான் அதன் இலக்கணம், நிரந்தரம் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அதில் பனி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஈரமே இல்லாத வறண்ட பாறையும் அந்தக் கணக்கில் சேரும். 'உறைநிலம்' போதும் அம்மா. பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுங்கள்.

தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் மறந்துவிட்டேன், வெடித்துவிட்டது. குளிர் நாட்டில் நிலம் மேலே எழும்புவதும் இதனால்தானா?
ஃப்ரிட்ஜ் அசெம்பிளி லைன் ஊழியர், ஸ்ரீபெரும்புதூர்

பாதி சரி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது, பாட்டில் வெடித்தது அதனால். நிலமும் அப்படித்தான் எழும்புகிறது என்று வெகுநாள் நம்பினார்கள். அமெரிக்காவின் ஸ்டீஃபன் டேபர் 1930ஐ ஒட்டி ஒரு சோதனை செய்தார். மண்ணில் தண்ணீருக்குப் பதில் பென்சீனை நிரப்பி உறைய வைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும். நியாயமாக மண் தாழ்ந்திருக்க வேண்டும். மேலே எழும்பியது!

காரணம் பெருக்கம் அல்ல, உறிஞ்சல். மேலிருந்து குளிர் இறங்கும்போது, உறையும் எல்லைக்குக் கீழே உள்ள ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே இழுக்கப்படுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி வளர்ந்து மண்ணைத் தூக்குகிறது. மண்ணில் முன்பே இருந்த தண்ணீர் மட்டும் என்றால் கொஞ்சத்தோடு நின்றுவிடும். கீழேயிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் எழுச்சியும் நிற்காது. மணலில் துளை பெரிது, உறிஞ்சும் வலு இல்லை. கெட்டிக் களியில் வலு உண்டு, ஆனால் தண்ணீர் நகரும் வேகம் போதாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதே வண்டல், அதுதான் மிக அதிகமாக எழும்பும். ஏரியில் தூர் வாரி வயலுக்கு அடிப்போமே, அந்த மண்ணைப் போட்டு லடாக்கில் ரோடு போட்டால் ஒரே குளிர்காலத்தில் ரோடு மூட்டை மூட்டையாகப் பொங்கிவிடும்.

பனிக்கட்டி கல்லா, தண்ணீரா?
டீக்கடைக்காரர், மாத்தூர்

நிலவியல் கணக்கில் கனிமம். இயற்கையாக உண்டாகிறது, திடமானது, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. உருகினால் அந்தப் பட்டம் போய்விடும்.

கோடையில் எங்கள் ஏரி வறண்டால் தரை ஓடு ஓடாக வெடிக்கிறது. துருவப் பகுதியிலும் இதே மாதிரி கட்டங்கள் இருப்பதாகப் படம் பார்த்தேன். அங்கே ஏது வறட்சி?
கல்லூரி மாணவி, பிள்ளைப்பாக்கம்

கண் கூர்மையான கேள்வி. ஏரித் தரை ஈரம் இழந்து சுருங்குகிறது. உறைநிலம் கடுங்குளிரில் சுருங்குகிறது, இரும்புத் தண்டவாளம் சுருங்குவதுபோல. சுருங்கும் தரைக்கு இழுவை தாங்காதபோது வெடிப்பு ஒன்றே வழி. உங்கள் ஏரியில் ஓர் ஓடு சாண் அகலமோ முழ அகலமோ இருக்கும். ஆர்க்டிக்கில் ஒரு கட்டமே பத்து முதல் முப்பது மீட்டர், ஒரு வீட்டு மனை அளவு.

வேறுபாடு அடுத்த பருவத்தில்தான் தெரியும். நம் ஏரியில் மழை வந்தால் வெடிப்பு மூடிக்கொள்கிறது. அங்கே வசந்தத்தில் பனி உருகிய நீர் வெடிப்புக்குள் இறங்கி உறைந்துவிடுகிறது. அடுத்த குளிர்காலம் அதே இடத்தில் மறுபடி வெடிப்பு, மறுபடி ஒரு மயிரிழைப் பனிக்கட்டி. நூற்றாண்டுகள் போனால் தரைக்குள் ஆள் அகல ஆப்பு இறங்கியிருக்கும். செவ்வாயிலும் இந்தக் கட்டங்கள் உண்டு. 2008ல் ஃபீனிக்ஸ் விண்கலம் அவற்றுக்கு நடுவில்தான் இறங்கியது. மேல்மண்ணைச் சுரண்டியதும் பனிக்கட்டி தெரிந்தது.

ஒரு வேலை தருகிறேன். அடுத்த கோடையில் ஏரிக்குள் போய், வெடிப்புகள் சந்திக்கும் முனைகளைப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று செங்குத்தாக முட்டுகிறதா, மூன்றும் சமமாகப் பிரிகின்றனவா? முட்டினால் புது வெடிப்பு. நனைந்து காய்ந்து பலமுறை திறந்து மூடிய வெடிப்புகள் மெல்ல மெல்ல மூன்று சம கிளையாக மாறும். தரையின் வயதை இப்படியும் படிக்கலாம்.

போர் போட்டு 400 அடி இறக்கியும் தண்ணீர் இல்லை. இந்த வேதனை குளிர் நாட்டுக்காரர்களுக்கு உண்டா?
வீட்டு உரிமையாளர், செரப்பணஞ்சேரி

உண்டு, ஐயா. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்றொரு வணிக நிறுவன அலுவலர், 1820களின் கடைசியில் கிணறு வெட்ட ஆரம்பித்தார். வெட்ட வெட்ட உறைந்த மண். விடவில்லை, கிட்டத்தட்ட பத்தாண்டு வெட்டினார். சுமார் 380 அடி, 116 மீட்டர். அப்போதும் உறைந்த மண்தான், ஒரு குடம் நீர் இல்லை.

ஆனால் அந்தக் கிணறு வீணாகவில்லை. 1840களில் மிடன்டார்ஃப் என்ற அறிஞர் அதற்குள் ஆழம் ஆழமாக வெப்பமானிகள் வைத்து அளந்தார். இறங்க இறங்கக் குளிர் மெல்லக் குறைவதைக் கண்டு, உறைநிலம் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட முடிந்தது. உறைநில அறிவியலுக்கு முதல் ஆதாரங்களில் ஒன்று அந்தத் தண்ணீரில்லாக் கிணறு. சைபீரியாவின் சில இடங்களில் உறைநிலம் ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் போகிறது.

எங்கள் பக்கம் ஏரி வற்றினால் பிளாட் முளைக்கிறது. குளிர் நாட்டில் என்ன முளைக்கும்?
ஓய்வுபெற்ற ஆசிரியர், படப்பை

மலை முளைக்கும்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வடமேற்குக் கனடாவின் டக்டோயாக்டக் அருகே தட்டைச் சமவெளியில் குன்றுகள் நிற்கின்றன. அங்குள்ள மக்கள் வைத்த பெயர் 'பிங்கோ'. அவற்றில் இப்யுக் என்பது 49 மீட்டர் உயரம், பரங்கிமலையில் பாதி. உள்ளே இருப்பது பாறையல்ல, பனிக்கட்டி.

ஆழமான ஏரிக்கு அடியில் மண் உறைவதில்லை, மேலே நிற்கும் நீர் அதைக் காப்பாற்றுகிறது. ஏரி வடிந்துவிட்டால் போர்வை போய்விடும். சுற்றுப்புறமும் மேற்புறமும் உறைந்துகொண்டே வர, நடுவில் மாட்டிய ஈரமணலின் தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறி, உறைந்த மேல்தரையைக் குடைபோல் மேலே தள்ளுகிறது. தள்ளிய நீரும் உறைந்து குன்றின் வயிறாகிறது.

ஜே. ராஸ் மக்கே என்ற கனடிய புவியியலாளர் இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். உறைநிலம் பிறப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, 1978 ஆகஸ்டில் இல்லிசார்விக் என்ற ஏரியை வேண்டுமென்றே வடித்தார். அந்தக் குளிர்காலமே அடித்தரை உறையத் தொடங்கியது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு போய் அளந்துகொண்டே இருந்தார். ஒரே ஏரியை இத்தனை ஆண்டு விடாமல் பார்த்த பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஏரிகளின் நினைவு வந்துவிடுகிறது. தரைக்குள் நீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று நம் வட்டாரத்து ஏரிகளையும் யாராவது இப்படி உட்கார்ந்து அளக்க வேண்டும். வடிந்த ஏரியின் அடியில் தண்ணீர் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

உறைநிலத்தின்மேல் தொழிற்சாலை கட்ட முடியுமா?
பாதுகாப்பு அலுவலர், வல்லம் வடகால் சிப்காட்

முடியும், ஆனால் தரைக்குக் கட்டடத்தின் சூடு தெரியக்கூடாது. யாகுட்ஸ்கில் தூண்கள் நட்டு, கட்டடத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, நடுவே காற்று ஓட விடுகிறார்கள். தரையோடு ஒட்டிக் கட்டினால் ஹீட்டரின் வெப்பம் மெல்ல இறங்கி, அஸ்திவாரத்துக்குக் கீழே சேறாகிவிடும். கரிசல் மண் பொங்கிச் சுருங்குவதால் அசையாத ஆழத்தில் பைல் ஊன்றுகிறோமே, அந்த யோசனைக்கு இது உறவு.

அலாஸ்காவைக் கடக்கும் 800 மைல் எண்ணெய்க் குழாயில் பாதிக்கு மேல் கால்களின்மேல் நிற்கிறது. அந்தக் கால்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வெப்பக் குழல்கள். உள்ளே அம்மோனியா. தரையின் வெப்பத்தில் ஆவியாகி மேலே போய், குளிர்காற்றில் வெப்பத்தை விட்டு, திரவமாகிக் கீழே வழிகிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. வெயில் காலத்தில் மேல்முனை சூடாக இருப்பதால் தானாக நின்றுவிடும். உங்கள் வட்டாரத்தில் தயாராகும் கைபேசி, மடிக்கணினி வகைகள் சிலவற்றில் சூட்டை வெளியேற்றுவதும் இதே தத்துவத்தின் குட்டிப் பதிப்புதான்.

கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 மே 29. ரஷ்யாவின் நோரில்ஸ்கில் ஒரு மின்நிலையத்தின் எரிபொருள் தொட்டி, தாங்கு தூண்கள் தாழ்ந்ததில் உடைந்தது. சுமார் 20,000 டன் டீசல் நிலத்திலும் ஆற்றிலும் கலந்தது.

எங்கள் ஊரில் தயாரான பைக்கில் மணாலியிலிருந்து லே போனோம். காலையில் கணுக்கால் அளவு நீர் ஓடிய ஓடையை மாலை நாலு மணிக்குத் தாண்ட முடியவில்லை. ஒரு சொட்டு மழை இல்லையே?
பெயின்ட் ஷாப் டெக்னீஷியன், ஒரகடம்

மழை மேலே பெய்யவில்லை, மலையில் உருகியது. நண்பகல் வெயிலில் உருகும் பனி உங்கள் ஓடைக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும், அதனால் மாலையில் வெள்ளம். இரவில் உருகுவது நின்றுவிடுவதால் காலையில் ஓடை சாது. அந்தப் பாதையில் 'பாகல் நாலா', பைத்தியக்கார ஓடை, என்று பேர் வாங்கிய ஓடையே ஒன்று உண்டு. அடுத்த முறை விடியலில் கிளம்புங்கள்.

பனியாற்றைக் கையால் செய்கிறார்களாமே?
விவசாயி, ஏரி ஆயக்கட்டு, தண்டலம்

உங்களுக்கு இது ஒரு வரியில் புரிந்துவிடும். லடாக்கில் விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். உயரத்துப் பனியாறு உருகி நீர் வருவதோ ஜூனில். குளிர்காலம் முழுக்க ஓடை நீர் பயனின்றிக் கீழே போகிறது. சிவில் பொறியாளர் செவாங் நோர்பெல் 1987லிருந்து அந்த நீரை நிழல் விழும் சரிவுகளுக்குத் திருப்பி, கல் வரப்புகளால் வேகத்தைக் குறைத்து, படிப்படியாக உறைய வைத்தார். ஊருக்கு அருகே, தாழ்வான இடத்தில் இருப்பதால் அது முந்தி உருகும், விதைப்புக்கு நீர் கிடைக்கும். 2015ல் அவருக்குப் பத்மஸ்ரீ. பிறகு லடாக்கின் சோனம் வாங்சுக் அதே நீரை இரவுக் குளிரில் பீய்ச்சிக் கோபுரமாக உறைய வைத்தார். கூம்பு வடிவில் வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் மெதுவாக உருகும். மழைநீரை மடக்கி ஏரியில் வைத்து, கோடையில் மடை திறந்த நம் முன்னோர் அங்கே பிறந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஊட்டியில் உறைபனி விழுகிறதே, அங்கே உறைநிலம் உண்டா?
கேன்டீன் சமையல்காரர், இருங்காட்டுக்கோட்டை

இல்லை. வெயில் ஏறியதும் போய்விடும் பனி அது. ஆனாலும் நிலத்தோற்றத்தில் அதற்குக் கை உண்டு. நீலகிரியில் மடிப்புகளில் சோலைக்காடு, வெளியில் புல்வெளி என்று கத்தரித்து வைத்ததுபோல் இருக்குமே, புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளைக் கருக்கும் கைகளில் ஒன்று உறைபனி. நெருப்புக்கும் பங்கு உண்டு. அந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் மட்டும் வந்ததல்ல. ஆர். சுகுமார் குழுவினர் நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993ல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் பெரும்பனிக் காலத்திலேயே, அங்கே புல் இருந்தது தெரிந்தது.

நீலகிரியில் அவலாஞ்சி என்றோர் இடம் உண்டு, பெயரை வைத்துப் பனிச்சரிவு என்று நினைத்துவிடாதீர்கள். அது பழைய மண்சரிவின் நினைவு. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய இடம் அது.

நான் சிக்கிம். இங்கே விடுதியில் தங்கி வேலை செய்கிறேன். 2023ல் எங்கள் தீஸ்தா ஆற்றில் வெள்ளம் வந்தபோது மழை அதிகம் என்றார்கள். உண்மையில் என்ன நடந்தது? (நண்பர் ஒருவர் தமிழில் எழுதிக் கொடுத்தது)
எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளி, சுங்குவார்சத்திரம்

தம்பி, அந்த இரவில் உங்கள் வீட்டார் நலமாகக் கரையேறியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அக்டோபர் 3 இரவு, ஆற்றுக்கு மேலே மலையில் இருக்கும் தெற்கு லோனாக் ஏரியின் பக்கவாட்டில் இருந்த கல்மண் மேடு சரிந்து ஏரிக்குள் விழுந்தது. அந்த மேடு உறைந்திருந்த ஒன்று, அதன் பிடி தளர்ந்துவிட்டது. விழுந்தது சுமார் 1.47 கோடி கன மீட்டர். ஏரியில் 20 மீட்டர் உயர அலை எழுந்து கரையை உடைத்தது. சுமார் 5 கோடி கன மீட்டர் நீர் வெளியேறியது. இங்கே உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி நின்றால் இருக்கும் நீரில் பாதி அது. மலைச்சரிவில், இருட்டில் வந்தது. சுங்தாங்கில் அணையை அடித்துப் போனது. வழியெல்லாம் கரைகளை அரித்து, அந்த மண்ணையும் சேர்த்துக்கொண்டு இறங்கியது.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோது ஏரியே கிடையாது. ரோன்டி சிகரத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியுமாக 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது. விழுந்த உராய்வில் பனிக்கட்டி உருகி வெள்ளமானது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

மழைமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவற்றைப் பிடிக்க முடியாது. மண்ணுக்குள் வெப்பமானி வேண்டும். லேவுக்கு மேலே கங்லாஸ் பள்ளத்தாக்கில் ரூர்க்கியின் தேசிய நீரியல் நிறுவன ஆய்வாளர்கள் அப்படி அளந்திருக்கிறார்கள். இமயத்தின் நீளத்துக்கு அந்த அளவீடு மிக மிகக் குறைவு. உங்கள் ஊருக்கு மேலே இன்னும் ஏரிகள் இருக்கின்றன. இந்த வேலைக்குப் பணமும் ஆளும் உடனே வேண்டும்.

மகள் பனியையும் நிலத்தையும் பற்றிய இந்தப் படிப்புதான் வேண்டும் என்கிறாள். பெண் பிள்ளையைப் பனிமலைக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.
ஆட்டோ ஓட்டுநர், மாம்பாக்கம்

1983ல் கிளம்பிய இந்தியாவின் மூன்றாவது அண்டார்டிகா பயணத்திலேயே அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்ற இரு பெண்கள் போய்விட்டார்கள், ஐயா. சென்குப்தா நிலவியலாளர். இன்று மைத்ரி நிலையம் நிற்கும் ஷிர்மாக்கர் பகுதியின் பாறைகளை ஆராய்ந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் பட்டப்படிப்பு இருக்கிறது, தினமும் வீட்டிலிருந்தே போய்வரலாம். இயற்பியலோ சிவிலோ படித்தாலும் கதவு மூடாது. அதற்குப் பிறகு டேராடூன் வாடியா நிறுவனம், பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யின் திவேச்சா மையம், கோவாவின் துருவ ஆய்வு மையம் என்று வழி நீளும். கோவாக்காரர்களுக்கு ஸ்பிட்டியில் 13,000 அடிக்கு மேலே 'ஹிமான்ஷ்' என்ற நிலையமும் உண்டு. மகளிடம் இப்போதே கேளுங்கள்: தினமும் ஒரே இடத்தில் ஒரே அளவை எடுத்து நோட்டில் எழுதும் பொறுமை இருக்கிறதா என்று. இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

மண் உறைந்து எழும்புவதை வீட்டில் பார்க்க முடியுமா?
எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி, போந்தூர்

முடியும், கண்ணு. அம்மாவிடம் கேட்டு இரண்டு பழைய பிளாஸ்டிக் டப்பா எடு. ஒன்றில் ஏரி வண்டலைக் குழைத்து நிரப்பு, இன்னொன்றில் ஆற்று மணலை நனைத்து நிரப்பு. இரண்டையும் பக்கத்திலும் அடியிலும் தெர்மோகோலால் சுற்று, மேலே மட்டும் திறந்திருக்கட்டும். மண்ணின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுது. ஃப்ரீசரைக் குறைந்த குளிரில் வைத்து, இரண்டு நாள் கதவை அடிக்கடி திறக்காதே. பிறகு மறுபடி உயரத்தை அள. டப்பாவிலிருந்து கழற்றி, பெரியவர் ஒருவரை வைத்து நடுவில் உடைத்துப் பார். மணலில் ஈரம் அங்கங்கே அப்படியே உறைந்திருக்கும். வண்டலில் கண்ணாடி நூல் போன்ற மெல்லிய பனிக்கட்டிக் கோடுகள் தெரிகின்றனவா என்று தேடு. எத்தனை கோடு, மேலே நெருக்கமா கீழே நெருக்கமா என்று எண்ணி எழுதி அனுப்பு. கோடு ஒன்றுமே இல்லை என்றாலும் அதையும் எழுது. அடுத்த இதழில் உன் அளவுகளை அப்படியே போடுகிறேன்.